சென்னையா, பெங்களூரா? அக்கா மகன் கேட்ட கேள்வி

காட்பாடியில் இருக்கும் என் அக்கா மகனுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலைகள் கிடைத்திருக்கின்றன. ஒன்று பெங்களூர் ஒயிட்ஃபீல்டில், இன்னொன்று சென்னை சோழிங்கநல்லூரில். பெங்களூரில் மாதம் 15,000 ரூபாய் கூடுதல். "நீங்க ரெண்டு ஊர்லயும் இருந்திருக்கீங்களே மாமா, எங்க போகட்டும்?" என்று போன் செய்தான். நான் சென்னையில் பிறந்து வளர்ந்தவன். 2009இல் பெங்களூர் போய், ஒன்பது வருடம் இருந்துவிட்டு, 2018இல் குடும்பத்தோடு திரும்பி வந்தேன். அரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவனைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் வேறு யாருக்காவது உதவினால் நல்லது.

முதலில் வெயில். இதில் பெங்களூரை மிஞ்ச முடியாது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. நான் முதலில் குடியேறிய அல்சூர் வீட்டின் படுக்கையறையில் மின்விசிறி மாட்டக் கொக்கியே இல்லை. வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். "ஃபேன் எதுக்குப்பா?" என்றார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. ஜூலை மாதம் வந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்வெட்டர் தேடினேன், இரவில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கினேன். பிப்ரவரி, மார்ச்சில் தெருவெல்லாம் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும் மரங்களைப் பார்த்துக்கொண்டே வேலைக்கு நடக்கலாம். அந்தக் காற்று உடம்புக்கு என்ன செய்கிறது என்பதை அங்கே ஒரு வருடமாவது இருந்தவர்கள்தான் சொல்ல முடியும். வேலை முடிந்து வந்தபிறகும் மனிதனிடம் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்கும். அங்கேயும் வெயில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. 2016 ஏப்ரலில் 39 டிகிரியைத் தாண்டியபோது நான் அங்கேதான் இருந்தேன். ஆனாலும் இரவு இறங்கியதும் ஊர் குளிர்ந்துவிடும்.

சென்னையில் குளித்துவிட்டுத் துவட்டுவதற்குள் வேர்க்கும். கத்திரி நாட்களில் மதியம் கடல்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வரும் என்று காத்திருப்பதே ஒரு வேலை. அது தாமதமானால் அன்றைக்கு 40 டிகிரி. ஏசி போடாமல் குழந்தைகள் தூங்காது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் மின்கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம்தான். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். மே, ஜூனில் எங்கள் வீடு ஒருமுறைகூட அதைத் தாண்டாமல் இருந்ததில்லை. கர்நாடகத்தில் 2023 முதல், சில நிபந்தனைகளோடு, மாதம் 200 யூனிட் வரை கட்டணமில்லை. பெங்களூர் வீடுகளில் ஏசி இல்லாததால் பலருக்கு அதற்குள்ளேயே முடிந்துவிடும்.

சரி, வீட்டை விட்டு வெளியே வந்தால்? கணக்கு தலைகீழாக மாறுவது இங்கேதான்.

பெங்களூரில் என் அலுவலகம் மாரத்தஹள்ளியில். அல்சூரிலிருந்து 12 கிலோமீட்டர் இருக்கும். டொம்லூர் மேம்பாலம் தாண்டும்வரை ஒரு வேகம், அப்புறம் ஊர்வதுதான். மழை நாளில் ஒன்றே முக்கால் மணி நேரம் பஸ்ஸிலேயே நின்றிருக்கிறேன். ஒரு நாளில் மூன்று மணி நேரம் சாலையில் போய்விட்டால் அந்த ஊர் கொடுக்கும் குளிர்காற்றை எப்போது அனுபவிப்பது? பெங்களூரில் நான் இழந்தது பணம் இல்லை, சாயங்காலங்கள்தான். மகள் தூங்கியபிறகுதான் பெரும்பாலும் வீட்டுக்கு வந்தேன். அவளுடைய மூன்றாவது வயது எனக்குப் போட்டோக்களாகத்தான் நினைவிருக்கிறது.

சென்னையில் கடற்கரை தாம்பரம் பாதையில் மின்சார ரயில் 1931இலிருந்து ஓடுகிறது. ஐந்து ரூபாய் டிக்கெட்டிலிருந்து ஆரம்பம். நான் இப்போது குரோம்பேட்டையிலிருந்து எழும்பூருக்கு சீசன் டிக்கெட்டில் போகிறேன். காலை வண்டியில் ஒரு பூக்கார அம்மா வருவார். மடியில் ஈரத்துணி, அதில் உதிரி மல்லி. நான்கு பூ எடுத்து, நாரைச் சுற்றி, இழுத்து, அடுத்த நான்கு. கண் ஜன்னலில் இருக்கும், கை நிற்காது. பல்லாவரத்தில் ஆரம்பித்தது மாம்பலம் வருவதற்குள் நான்கு முழம் ஆகியிருக்கும். அவரும், வங்கிக்குப் போகிறவரும், பெரியாஸ்பத்திரிக்கு ஸ்கேன் எடுக்கப் போகிற முதியவரும் ஒரே பெட்டியில் வருகிறார்கள். தொண்ணூறு வருடத்துக்கு மேல் இப்படி ஒரு ரயில் ஒரு ஊரில் ஓடினால், கையில் காசில்லாதவனும் அந்த ஊரில் தூரமாகக் குடியிருந்து வேலைக்கு வர முடிகிறது. பெங்களூரில் புறநகர் ரயிலுக்கு 2022 ஜூனில்தான் அடிக்கல் நாட்டினார்கள். இன்னும் வேலை நடக்கிறது.

மெட்ரோவில் பெங்களூர்தான் முந்தி. அங்கே 2011இல் தொடங்கியது, இங்கே 2015இல். 2023இல் ஒயிட்ஃபீல்டு வரை முழுப்பாதையும் வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் சில்க் போர்டு வழியாக எலக்ட்ரானிக் சிட்டிக்கும் போய்விட்டது. நான் இருந்தபோது இவை வந்திருந்தால் திரும்பி வந்திருப்பேனா என்று யோசித்ததுண்டு. சோழிங்கநல்லூருக்கு மெட்ரோ இன்னும் வரவில்லை. ஓ.எம்.ஆரில் தோண்டிய பள்ளங்களும் தகரத் தடுப்புகளும்தான் இருக்கின்றன. ஆகவே அக்கா மகனுடைய இரண்டு அலுவலகங்களை மட்டும் பார்த்தால் பெங்களூர் அலுவலகத்துக்குப் போவதுதான் சுலபம். இதை அவனிடம் மறைக்கவில்லை. கட்டணம்தான் இடிக்கும். 2025 பிப்ரவரியில் உயர்த்தியபிறகு அங்கே அதிகபட்சம் 90 ரூபாய், சென்னையில் 50.

தண்ணீருக்கு வருகிறேன். இதில் இரண்டு ஊருக்கும் பெருமைப்பட ஒன்றுமில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பெங்களூருக்கென்று பெரிய ஆறு கிடையாது. தொரேகாடனஹள்ளியிலிருந்து காவிரித் தண்ணீரை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் கொண்டுவந்து, நடுவில் பம்ப் வைத்து வைத்து மேட்டுக்கு ஏற்றுகிறார்கள். குழாய் போகாத புறநகர் அடுக்குமாடிகள் எல்லாம் போர்வெல்லையும் டேங்கரையும் நம்பி எழுந்தவை. 2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றியபோது குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அந்த அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் திறந்து, ஒரு நாளைக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வர வழி செய்திருக்கிறார்கள்.

நாங்கள் சென்னைக்குத் திரும்பிய அடுத்த வருடமே, 2019இல், இங்கே நான்கு ஏரிகளும் வறண்டன. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், எல்லாவற்றிலும் வெடித்த மண். பணம் கட்டிய லாரிக்கு மூன்று வாரம் காத்திருந்தோம். பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கழிவறைக்கு எடுத்து வைத்தோம். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அதுவும் காவிரித் தண்ணீர்தான். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே ஆற்றைக் குடித்துக்கொண்டுதான் அந்த ஆற்றுக்காகச் சண்டை போடுகிறோம்.

ஆனாலும் சென்னை தன் தாகத்திலிருந்து கொஞ்சம் கற்றுக்கொண்ட ஊர் என்று இப்போது சொல்வேன். 2003இலேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். மீஞ்சூரில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நெம்மேலியில் 2013இல் ஒன்று, 2024இல் இன்னொன்று. எங்கள் குடியிருப்பில் மொட்டைமாடித் தண்ணீர் கிணற்றுக்குப் போகும் வழியில் கூழாங்கல்லும் மணலும் போட்ட ஒரு சிறு குழி இருக்கிறது. ஒவ்வொரு செப்டம்பரிலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், நான்கைந்து பேர் இறங்கி அந்தக் கற்களை வாரி, சேறு போகக் கழுவி, மறுபடி அடுக்குவோம். போன தடவை முதல் மழைக்கு மறுநாள் கிணற்றை எட்டிப் பார்த்தால் இரண்டு உறை தண்ணீர் ஏறியிருந்தது.

வெள்ளத்தில் இரண்டு ஊரும் ஒன்றுதான். இங்கே 2015 டிசம்பர், 2023 மிக்ஜாம் புயல். அங்கே 2022 செப்டம்பரில் ஐ.டி. ஊழியர்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏரியிலும் சதுப்பிலும் கட்டினால் தண்ணீர் தன் இடத்தைத் தேடி வரத்தான் செய்யும். வீடு பார்க்கும்போது அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது என்று பக்கத்துப் பெட்டிக்கடையில் கேள் என்று அவனுக்குச் சொன்னேன்.

வீடு என்றதும் எனக்கு இரண்டு ஊர்மேலும் கோபம் வருகிறது. பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. இப்போது பல இடங்களில் ஐந்தாறு மாத அட்வான்ஸுக்கு இறங்கியிருக்கிறார்களாம். தமிழ்நாட்டில், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாதம்தான் என்று 2017 வாடகைச் சட்டம் சொல்கிறது. ஆனால் சென்னையில் அட்வான்ஸுக்கு முன்னால் வரும் கேள்வி வேறு: "நீங்க எந்த ஆளுங்க?" சிலர் கொஞ்சம் சுற்றி வளைத்து, கறி மீன் சமைப்பீர்களா என்று ஆரம்பிப்பார்கள். 2018இல் ஆறு வீடுகள் பார்த்ததில் நான்கில் இது நடந்தது. பெங்களூரில் என்னிடம் கம்பெனி அடையாள அட்டையைத்தான் கேட்டார்கள். சென்னையை நான் எவ்வளவு நேசித்தாலும் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு வெட்கம்தான். இளைஞன் ஒருவன் தனியாக வீடு தேடினால் இந்த அவமானம் அவனுக்கும் நேரும்.

மொழி பற்றி அக்கா பயந்தாள். பயம் வேண்டாம். 1809இல் கண்டோன்மென்ட் வந்த காலத்திலிருந்து தமிழர்கள் வாழும் ஊர் அது. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் கன்னடமே தெரியாமல் காலம் தள்ளலாம். தள்ளக் கூடாது என்பதுதான் என் கருத்து. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பஸ்கள் எரிந்தன. இரண்டு நாள் நாங்கள் வெளியே போகவில்லை. பால் பாக்கெட்டை வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தவர் எதிர்வீட்டுக் கன்னடக்காரர். அவருடன் எனக்குப் பழக்கம் ஏற்பட்டதே என் அரைகுறைக் கன்னடத்தால்தான். "ஊட்ட ஆய்தா?" என்று தினமும் கேட்பார். நம் "சாப்டாச்சா"தான் அது. 18 வருடம் மூடியே கிடந்த அல்சூர் திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறந்தபோது நான் அந்த ஊருக்குப் புதிது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். இரண்டு ஊரும் ஒழுங்காக நடந்துகொண்ட ஒரு வாரம் என்று அதை நினைத்துக்கொள்வேன்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அங்கே தர்ஷினி என்னும் சின்ன ஓட்டல்களில் நின்றபடியே காராபாத், கேசரிபாத், பாதி பாதியாக ஊற்றித் தரும் பை-டூ காபி. சாம்பாரில் வெல்லம் இருக்கும், மூன்று மாதத்தில் பழகிவிடும். இங்கே அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், அங்கே இந்திரா கேன்டீனில் காலை டிபன் ஐந்து ரூபாய். கையில் பணம் இல்லாத நாளிலும் இரண்டு ஊரும் பட்டினி போடாது.

கடைசியாக அம்மா. 2015இல் அம்மாவைப் பெங்களூருக்கு அழைத்துப் போனோம். வெயில் இல்லை, கொசு குறைவு, வீடு பெரியது. மூன்று வருடத்தில் அம்மா தனியாக வெளியே போனது தெருமுனை பிள்ளையார் கோயிலுக்கு மட்டும்தான். பஸ் பலகை படிக்கத் தெரியாது, சாலையைக் கடக்கப் பயம், நாங்கள் வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். சாமராஜபேட்டை கோட்டை மைதானத்தில் ராமநவமி கச்சேரிகள் வாரக்கணக்கில் நடக்கும். நான் கூட்டிப்போனால்தான் அவருக்கு அது உண்டு. நான் எட்டு மணிக்கு முன் வந்ததில்லை.

இப்போது 74 வயதில் குரோம்பேட்டையிலிருந்து தனியாக ரயிலேறி மாம்பலத்தில் இறங்குகிறார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் போகிறார். (கர்நாடகத்திலும் 2023 ஜூனில் இது வந்துவிட்டது. அம்மாவுக்குத்தான் ஐந்து வருடம் தாமதம்.) மார்கழியில் சபாக்களின் மதியக் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம். தயிர்சாத டப்பாவும் விசிறியுமாகப் போய், வேர்த்து விறுவிறுத்து சாயங்காலம் வந்து, யார் என்ன ராகம் பாடினார்கள் என்று இரவுவரை சொல்லிக்கொண்டிருப்பார். பெங்களூரில் அவருக்கு வேர்த்ததே இல்லை.

அதனால் அக்கா மகனிடம் இப்படிச் சொன்னேன். உனக்கு 24 வயது, பெங்களூர் போ. மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் அறை எடு, ஆறு மாதத்தில் கன்னடம் பேசு, அங்கே கடன் வாங்கி ஃபிளாட் மட்டும் வாங்காதே. அப்பா அம்மாவைக் கூட வைத்துக்கொள்ளும் காலம் வரும்போது சென்னையில் வேலை தேடு, அதை 40 வயதுவரை தள்ளிப்போடாதே. நான் கொஞ்சம் தாமதமாகத்தான் செய்தேன்.

வெள்ளிக்கிழமைக்குள் அவன் பதில் சொல்ல வேண்டும். இன்னும் முடிவு செய்யவில்லை என்கிறான். ஆனால் நேற்று இரவு அக்கா கூப்பிட்டு, ஒயிட்ஃபீல்டு பக்கம் இருக்கும் கே.ஆர். புரத்தில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் நிற்குமா என்று கேட்டாள். நிற்கும் என்றேன்.