பெயரையும் கேடயத்தையும் யாரிடம் கொடுப்பது?

எஸ்.சி.ஏ.வில் சேர்ந்து இரண்டு மூன்று கூடுகைகளுக்குப் போய்வந்தாலே ஓர் ஆசை வந்துவிடும்: எனக்கென்று ஒரு பெயர் வேண்டும், எனக்கென்று ஒரு கேடயச் சின்னம் வேண்டும். 1966-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், ஒரு வீட்டின் கொல்லைப்புற விருந்தாகத் தொடங்கியது சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரோனிசம், சுருக்கமாக எஸ்.சி.ஏ. 1600-க்கு முந்தைய வாழ்க்கையை உடுத்தியும் சமைத்தும் சண்டையிட்டும் பார்க்கும் அமைப்பு. களத்தில் தலைக்கவசம் மாட்டியபின் ஆளின் முகம் தெரியாது, கேடயம்தான் முகம். ஒருவர் பெயரில் பதிவான சின்னம் அமைப்பு முழுவதிலும் இன்னொருவருக்குக் கிடைக்காது.

விண்ணப்பம் போகும் பாதை எல்லோருக்கும் ஒன்றே. முதலில் நம் ராஜ்ஜியத்தின் (அமைப்பின் வட்டாரப் பிரிவுக்கு அதுதான் பெயர்) ஹெரால்டுகள், அதாவது பெயரையும் சின்னத்தையும் சரிபார்ப்பவர்கள், பார்ப்பார்கள். பிறகு அது ஆஸ்கர் என்ற இணைய அமைப்புக்கு ஏறும். பல ராஜ்ஜியங்களின் ஹெரால்டுகள் அங்கே குறைநிறை எழுதுவார்கள். கடைசியில் லாரல் என்னும் தலைமை ஹெரால்டின் அலுவலகம். அங்கே பெயரை பெலிக்கன் என்ற பதவியில் இருப்பவரும் சின்னத்தை ரீத் என்ற பதவியில் இருப்பவரும் தீர்மானிப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் அரை ஆண்டுக்கு மேல் ஓடிவிடும். அத்தனை நாள் காத்திருந்து, ஏற்கவில்லை என்று 'ரிட்டர்ன்' வந்தால் மனம் விட்டுப்போகிறது. அதோடு ஆசையைக் கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால் படிவத்தை முதலில் யார் கண்ணில் காட்டுகிறோம் என்பதுதான் பெரிய விஷயம்.

மூன்று வழிகள் இருக்கின்றன. நாமே நிரப்பி அனுப்பலாம், உள்ளூர் ஹெரால்டிடம் போகலாம், பென்சிக் போன்ற பெரிய நிகழ்வில் ஹெரால்டுகளின் மேசைக்குப் போகலாம். சில ஆண்டுகளாக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததில் என் கட்சி இது: பெயருக்கு உள்ளூர் ஹெரால்டு, சின்னத்துக்குப் பெரிய மேசை. இரண்டையும் ஒரே இடத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. பெயர் திரும்பி வந்து சின்னம் மட்டும் தேறினால், தற்காலிகப் பெயர் ஒன்றில் சின்னத்தைப் பதிந்து வைக்கும் வழக்கமும் உண்டு.

முதலில் சின்னம். 1972-இல் தொடங்கி, இப்போது பென்சில்வேனியாவின் கூப்பர்ஸ் லேக் முகாம்திடலில் நடக்கும் பென்சிக்குக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். அங்கே ஹெரால்ட்ஸ் பாயிண்ட் என்ற கூடாரத்தில் வரைபவர், தேடிப் பார்ப்பவர், பெயர் அறிந்தவர் என்று எல்லோரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருப்பார்கள். ஒருமுறை ஓர் இளைஞர் போனில் ஒரு படத்தோடு வந்தார். அடர்சிவப்புக் கேடயத்தில் கரிய ஆந்தை, நகத்தில் சாவி, மேலே பிறை. போனில் பார்க்க நன்றாகவே இருந்தது. வரைபவர் அதை அப்படியே தாளில் தீட்டி எதிர்மரத்தில் செருகிவிட்டு, அவரை முப்பது அடி தள்ளி நிற்கச் சொன்னார். சிவப்புக்குள் ஒரு கறுப்புத் திட்டுதான் தெரிந்தது. வெள்ளியும் பொன்னும் உலோகம், சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை வண்ணம், வண்ணத்தின்மேல் வண்ணம் வைக்கக்கூடாது என்ற பழைய விதியை யாரும் அவருக்கு ஓதவில்லை. அவரே "ஆந்தை பொன்னிறமாக இருக்கட்டும்" என்றார். சாவியும் பிறையும் தாமாக உதிர்ந்தன.

அடுத்து, பதிவான சின்னங்களின் பெருந்தொகுப்பில் தேடல். நீலத்தில் பொன் ஆந்தை ஏற்கெனவே ஒருவரிடம் இருந்தது. புதிய சின்னம் பழையதிலிருந்து குறைந்தது இரண்டு விதத்தில் மாறுபட வேண்டும். முதன்மை உருவமே வேறாக இருந்தால் பெரும்பாலும் அந்த ஒன்றே போதும். இவருக்கு வேறுபாடு கேடயத்தின் பின்னணி நிறம் மட்டும்தான். கேடயத்தைச் சுற்றி ஒரு பொன் கரை இட்டார்கள், இரண்டாவது வேறுபாடும் கிடைத்தது. முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. இதையே அவர் வீட்டிலிருந்து தனியாக அனுப்பியிருந்தால், நிறத்துக்காக ஒரு தடவை, இன்னொருவர் சின்னத்தோடு மோதுவதற்காக ஒரு தடவை என்று ஆண்டு கடந்திருக்கும். இந்த மோதல் வெறும் சம்பிரதாயப் பேச்சும் இல்லை. நீலத்தில் பொன் பட்டை யாருக்கு என்று ஸ்க்ரோப், குரோவ்னர் என்ற இரு குடும்பங்கள் 1385-இல் தொடங்கிய வழக்கு 1390 வரை இழுத்தது. கவிஞர் சாசரே அதில் சாட்சி சொன்னார்.

ஆனால் அதே மேசையில் பெயரைக் கொடுக்காதீர்கள் என்பேன். வரிசை நிற்கும், வெயில் கொளுத்தும், பின்னால் இருப்பவர் பொறுமை இழப்பார். அந்த அவசரத்தில் ஏதோ ஒரு பெயர் தேறிவிடும், ஆனால் அது நம் மனதில் இருந்த பெயராக இருக்காது. பெயருக்குச் சான்று தேடுவது பல மாலைப்பொழுதுகளின் வேலை. ஃபியோனா என்றால் இடைக்காலம் போலக் காதில் ஒலிக்கும், ஆனால் அது 18-ஆம் நூற்றாண்டுக் கவிதையில் பிறந்தது. அதைக் கேட்டு வருபவரிடம் உள்ளூர் ஹெரால்டு "இல்லை" என்று முடிக்கமாட்டார். அந்த ஒலி பிடித்ததா, ஸ்காட்லாந்து பிடித்ததா, அத்தை பெயரா என்று கேட்பார். பதிலைப் பொறுத்துத் தேடல் வேறு வேறு திசையில் போகும். எங்கள் ஊர் ஹெரால்டு என்னோடு நான்கு வாரம் உட்கார்ந்தார். அந்த நான்கு வாரத்துக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

உள்ளூர் வழியின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லா ஊரிலும் தேர்ந்த ஹெரால்டு இருப்பதில்லை. என் நண்பர் ஒருவரின் படிவம் அப்படி ஒருவர் பையிலேயே ஓராண்டு கிடந்தது. கொடுக்கும்போதே "எப்போது அனுப்புவீர்கள்?" என்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

தனியாக அனுப்புவதில் பெரிய கண்ணி பெயர்ப் படிவத்தின் சிறு கட்டங்கள். சிறிய மாற்றமும் செய்யக்கூடாது என்ற கட்டத்தில் பாசத்தோடு டிக் போட்டுவிடுகிறார்கள். பிறகு ஒரேயோர் எழுத்தைத் திருத்தினால் தேறியிருக்கும் பெயர் முழுதாகத் திரும்புகிறது. வீட்டு பிரிண்டரில் நீலம் ஊதாவாக இறங்குவது இன்னொரு தொல்லை. ஹெரால்டுகள் கிரயோலா மார்க்கரால் தீட்டச் சொல்வது அதனால்தான்.

இருந்தாலும் ஓரிடத்தில் தனி வழியே மற்ற இரண்டையும் விட மேல். நம்மவர் ஒருவர் சோழர் காலத்துப் பெயர் கேட்டால், உள்ளூர் ஹெரால்டும் பென்சிக் மேசையும் கையைப் பிசைவார்கள், நமக்கோ சான்று கண்முன் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணி செய்த பெண்கள், 400 பேரின் பெயர், வந்த கோயில், குடியிருந்த தெரு, எத்தனையாம் வீடு என்பதுவரை இருக்கிறது. பலர் பெயர் நக்கன் என்று தொடங்கும். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கம், இடம் உறுதி. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் கிடைக்கும். பதிவு ரோமன் எழுத்தில்தான் நடக்கும் என்பதால், பெயர் முழுவதற்கும் ஒரே எழுத்துப்பெயர்ப்பு முறையைப் பின்பற்றுங்கள். பாதியில் நெடிலுக்குக் கோடு போட்டு மீதியில் விட்டால் கேள்வி வரும். அந்தப் பக்கத்தின் நகல், அரைப் பக்கத்தில் பெயரமைப்பு விளக்கம், இரண்டையும் படிவத்தோடு இணைத்துவிடுங்கள். மாற்றம் பற்றிய கட்டங்களை மட்டும் காலியாக விடுங்கள்.