மார்வாரிக் குதிரை வாங்கலாமா? ஆறு வருடமாக வைத்திருப்பவன் சொல்வது

போன மாதம் அலுவலகத் தோழர் ஒருவர் லாயத்துக்கு வந்திருந்தார். வந்ததும் என் மார்வாரிக் குதிரை செவலையின் முன்னால் நின்று மொபைலை எடுத்து அதன் காதுகளைப் படம் பிடித்தார். 2019-ல் நானும் அதைத்தான் செய்தேன் என்பதால் சிரிக்க எனக்குத் தகுதியில்லை. மார்வாரியின் காது அப்படி. இரண்டும் உள்பக்கமாக வளைந்து, நிமிர்த்தும்போது நுனியோடு நுனி முட்டிக்கொள்ளும். படம் எடுத்து முடித்தவர், "அண்ணா, நானும் ஒண்ணு வாங்கணும்னு இருக்கேன். மார்வாரி எனக்குச் சரிவருமா?" என்றார்.

ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய பதிலாக இருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன்.

முதலில் அந்தக் காதைப் பற்றியே. அது 180 டிகிரி வரை திரும்பும். ஒன்று நம்மைப் பார்த்திருக்க இன்னொன்று கேட்டைப் பார்த்திருக்கும். காது மட்டுமல்ல, மொத்தக் குதிரையே அப்படித்தான். ஜோத்பூர்ப் பக்கம் மார்வாரில் ராத்தோர் ராஜாக்கள் போருக்காக வளர்த்த இனம். எங்கே என்ன அசைகிறது என்பது அதற்குத் தெரிந்தாக வேண்டும். பாலைவனத்தில் அது வரம். ஆனால் என் குதிரை நிற்பது பெங்களூரை ஒட்டிய ஹெசரகட்டா பக்கம். புல்வெளியைத் தாண்டினால் ஜேசிபி, தண்ணீர் லாரி, சைலன்சரைக் கழற்றிவிட்டு வரும் பைக்குகள். தீபாவளி வாரம் வந்தால் எனக்குத் தூக்கம் கிடையாது. செவலை அடங்காத குதிரை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றையும் கவனிக்கும், கவனித்ததை நம்மிடம் கேட்கும். மேலே உட்கார்ந்திருப்பவர் பதறினால் அதுவும் பதறும். அவர் மூச்சு சீராக இருந்தால் லாரி பக்கத்தில் போனாலும் ஒரு காதை மட்டும் திருப்பிவிட்டு நடக்கும். முன்கோபக்காரருக்கும், கையில் கடிவாளம் வந்தவுடன் இழுத்துப் பார்க்கும் ஆசாமிக்கும் இந்த இனம் ஆகாது. இதை நான் இரண்டு தடவை விழுந்து கற்றுக்கொண்டேன்.

வாங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன், அதில் என் அசட்டுத்தனம் நிறைய இருக்கிறது. விற்றவர் ஆறு வயது என்றார். கழுத்தடியில் ராசியான தேவமணிச் சுழி இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினார். எங்கள் ஊரில் மாட்டுக்குச் சுழி பார்த்தவர்கள் வீட்டுப் பிள்ளை நான். சுழி என்றதும் விழுந்துவிட்டேன். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் மூன்று லட்சம் எண்ணிக் கொடுத்த குதிரையின் பல்லையும் பார்க்கவில்லை. லாயத்துக்கு வந்த மறுநாள் எங்கள் குதிரைக்காரர் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆறு வயசுன்னு சொன்னவரு நடுவுல எண்ண மறந்துட்டாரு சார்" என்றார். தருமபுரிக்காரர், அதிகம் பேச மாட்டார்.

மருத்துவர் விளக்கினார்: ஐந்து வயதுக்குள் குதிரைக்குப் பால்பற்கள் எல்லாம் விழுந்து நிலைப்பற்கள் வந்துவிடும். பத்து வயதை ஒட்டி, மேல்வரிசை முன்பற்களில் கடைசிப் பல்லின் ஈறு ஓரத்தில் பழுப்பாக ஒரு பள்ளக்கோடு தொடங்கும். பதினைந்து வாக்கில் பாதிப் பல்லுக்கு இறங்கும், இருபதில் அடிவரை வந்துவிடும். செவலைக்கு அப்போதே கோடு எட்டிப் பார்த்திருந்தது. இப்போது பாதியைத் தாண்டிவிட்டது. ஏமாந்தேன் என்று வருத்தமில்லை, நல்ல குதிரைதான். ஆனால் பல்லும் காலும் பார்க்கும் மருத்துவரை, விற்பவர் கூட்டிவராத மருத்துவரை, உடன் அழைத்துப் போங்கள். கிளாண்டர்ஸ் இல்லை என்ற ரத்தப் பரிசோதனைச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். மனிதருக்கும் தொற்றக்கூடிய நோய் அது. சுழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய் நாலைந்து குதிரைகளின் வாயைப் பார்த்துப் பழகினாலே கண் கொஞ்சம் திறக்கும். வாங்கத்தான் வேண்டும் என்றில்லை.

அடுத்தது எடை. தோழர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். மார்வாரி பெரும்பாலும் பதினாலரையிலிருந்து பதினைந்தரைக் கை உயரத்துக்குள் நிற்கும். ஒரு கை என்றால் நாலு அங்குலம். உயரமாகத் தெரிவது கழுத்தைத் தூக்கிப் பிடிப்பதால், உடம்பு மெலிந்ததுதான். ஒரு டேப் எடுத்து நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து அதை அதாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிட்டத்தட்ட வந்துவிடும். செவலைக்குச் சுற்றளவு 165, நீளம் 160. கணக்குப் போட்டால் 367 கிலோ. ஆளும் சேணமும் சேர்ந்து அதில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்பது பொதுவான கணக்கு. அதாவது 73 கிலோ. சேணமே ஏழெட்டு கிலோ. நான் 64-ல் தொடங்கினேன். நடுவில் பிரியாணி புகுந்து 70 ஆனபோது நாலு மாதம் ஏறாமல் பக்கத்தில் நடந்தே போனேன். தோழர் தொண்ணூறைத் தாண்டியவர்.

ஆனால் அந்த நடை! அதற்காகவே இந்த இனத்தைக் கும்பிடலாம். ரேவால் என்பார்கள். துள்ளோட்டத்தில் மற்றக் குதிரைகள் நம்மைத் தூக்கித் தூக்கிப் போடும் வேகத்தில், இது ஒரு பக்கத்துக் கால்களை அடுத்தடுத்து வைத்து வழுக்கிக்கொண்டு போகும். எனக்கு இடுப்பு வலி உண்டு. விடியற்காலை ஏரிக்கரை ஓரமாக இரண்டு மணி நேரம் போய்விட்டு இறங்கினாலும் வலி தெரியாது. நெடுந்தூரம் போக விரும்புகிறவருக்கு மார்வாரிதான். தடை தாண்ட வேண்டும், போட்டிக்குப் போக வேண்டும் என்றால் வேறு குதிரை தேடலாம். நம் பெங்களூர்க்காரர், குதிரையேற்ற வீரர் ஃபவாத் மிர்சா 2018 ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கியது ஐரோப்பாவில் அந்த வேலைக்கென்றே வளர்த்த குதிரையில்.

ரேஸிலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட், அதாவது பந்தயக் குதிரை இனம், இங்கே மலிவாகக் கிடைக்குமே என்று தோழர் கேட்டார். கிடைக்கும். கால்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு வாங்கலாம். புதிதாக ஓட்டுபவருக்கு அது மார்வாரியைவிடச் சூடான குதிரை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பழக்கிய விதம் என்று ஒன்று இருக்கிறது, இதைப் பலர் கேட்பதே இல்லை. மார்வாரிகளில் நிறையக் குதிரைகள் கல்யாண ஊர்வலத்தில் ஆடுவதற்காகக் கடுமையான கடிவாளத்தில் பழக்கப்பட்டவை. விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாங்கி மூன்றாம் மாதம், ஹெசரகட்டாவுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழா. முனை திரும்பியதும் தமட்டைச் சத்தம். செவலை நின்றது. கழுத்து வளைந்தது. அப்புறம் முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி ஆட ஆரம்பித்துவிட்டது, நான் மேலே இருக்கும்போதே. அடிப்பவர்களுக்குக் குஷி, இன்னும் வேகமாக அடித்தார்கள். யாரோ என் தொப்பிக்குள் பத்து ரூபாய் செருகினார். இறங்கி வந்து சிரித்தாலும், வாயில் இரும்பு பட்டால் தலையைத் தூக்கி முதுகைக் குழித்துக்கொள்ளும் அந்தப் பழக்கத்தை மாற்ற ஒன்றரை வருடம் ஆனது. மென்மையான கடிவாளம், நீளமாகத் தளர்த்திய வார், நடை, நடை, நடை. பயிற்சியாளருக்குக் கொடுத்த பணத்தில் இன்னொரு குதிரை வாங்கியிருக்கலாம்.

பெங்களூர் குளிர்ச்சியான ஊராச்சே என்பார்கள். வெயில் இதற்குப் பிரச்சினையே இல்லை, மழைதான். காய்ந்த மண்ணில் வளர்ந்த இனத்தின் குளம்பு, ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை ஈரத்தில் நின்றால் அழுகும். அடியில் முக்கோணமாக மெத்தைபோல ஒரு பகுதி இருக்கும்; கெட்ட வாடை அங்கிருந்துதான் கிளம்பும். தினமும் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். எங்கள் குதிரைக்காரர் மயில்துத்தம் வைப்பார். படுக்கைக்குக் காய்ந்த உமி, மரத்தூள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்ற வேண்டும். நல்ல லாடக்காரர் கிடைப்பது நல்ல பல் மருத்துவர் கிடைப்பதைவிடக் கஷ்டம்.

தீனியில் கைகொடுக்கும் இனம். கொஞ்சம் தின்றே உடம்பு பிடிக்கும். ஆசையாகக் கொள்ளையும் குதிரைமசாலையும் வாரிப் போட்டால்தான் வினை. உடம்பு ஏறும், குளம்பு நோகும், ரத்தச் சூடும் ஏறும். காய்ந்த புல்லே முக்கியம். லாய வாடகை, தீனி, ஆள் எல்லாம் சேர்த்து எனக்கு மாதம் இருபத்திரண்டாயிரம் ஆகிறது. மருத்துவம் தனி. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். ஒரு மழை இரவில் வயிற்று வலியில் அது தரையில் புரண்டபோதுதான் அதன் அர்த்தம் புரிந்தது. அல்சூரிலிருந்து கிளம்பி ஹெப்பாள் மேம்பாலத்தில் நாற்பது நிமிடம் நின்றேன். நான் போய்ச் சேருவதற்குள் குதிரைக்காரரும் மருத்துவரும் அதைக் காப்பாற்றியிருந்தார்கள்.

தோழர் ஞாயிறு மட்டும் வருவேன் என்கிறார். அடுத்த வருடம் ஆன்சைட் வாய்ப்பும் இருக்கிறதாம். நம் நாட்டுக் குதிரை இனங்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருக்கிறது, கூடவே பெட்டியில் வைத்து எடுத்துப்போக முடியாது. வாரம் ஒருநாள் வரும் ஆளைச் செவலை மாதிரிக் குதிரை ஒவ்வொரு ஞாயிறும் புது ஆளாகத்தான் பார்க்கும். 2020 ஊரடங்கில் குதிரைக்காரர் ஊரில் மாட்டிக்கொள்ள, நானே தினமும் போய்ச் சாணம் அள்ளினேன். என் வண்டிச் சத்தத்துக்கு அது கனைக்கத் தொடங்கியது அந்த மாதங்களில்தான்.

அதனால் அவருக்கு நான் சொன்னது: இப்போதைக்கு வாங்காதே. வேண்டுமானால் செவலையில் பாதிப் பங்கு எடுத்துக்கொள். செலவில் பாதி உன்னுடையது, செவ்வாயும் வியாழனும் விடியற்காலை உன் முறை. ஏற வேண்டாம், பக்கத்தில் நட. எடை குறைந்தால் ஏறுவதைப் பற்றிப் பேசலாம். ஒரு வருடம் கழித்தும் ஆசை இருந்தால் இருவரும் சேர்ந்தே போய்ப் பல் பார்ப்போம். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். வருகிற செவ்வாய் லாடக்காரர் வருகிறார். முதல் நாளே நாலு காலுக்கும் புது லாடம், கூலியில் பாதி அவருடையது.