குளிர்காலம் முழுக்க நிற்கும் வண்டி: பேட்டரியைக் கழற்றுவதா, மெயின்டெய்னர் போடுவதா?

நாலைந்து மாதம் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வைக்கலாம், இல்லை மெயின்டெய்னர் (சார்ஜ் இறங்காமல் தானே பார்த்துக்கொள்ளும் சின்ன சார்ஜர்) மாட்டலாம்; அப்படியே விடுவது மட்டும் கூடாது. அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தாலே 60 ஆம்பியர்-மணி பேட்டரி 50 நாளில் காலி, ஸ்டார்ட் ஆகாத நிலை அதற்கு வெகு முன்பே வந்துவிடும்.

செலவு
கழற்றுவது: ஒரு ஸ்பேனர் போதும்.
மெயின்டெய்னர்: தனியாக வாங்க வேண்டும், பக்கத்தில் பிளக் பாயின்டும் வேண்டும்.

சிரமம்
கழற்றுவது: நெகட்டிவ் முதலில், திரும்ப மாட்டும்போது அதுவே கடைசி. சில கார்களில் ரேடியோ, ஜன்னல் செட்டிங் எல்லாம் போய்விடும், எரிச்சல்தான்.
மெயின்டெய்னர்: கிளிப்பை மாட்டினால் வேலை முடிந்தது.

பேட்டரி ஆயுள்
உண்மையான வித்தியாசம் இங்கேதான். சார்ஜ் இறங்கிய லெட்-ஆசிட் (சாதாரண கார் பேட்டரி வகை) பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும், கடுங்குளிரில் உள்ளே உறைந்து கூடு விரிசல் விடவும் செய்யும். முழு சார்ஜில் இருப்பது மைனஸ் 40 டிகிரியிலும் உறையாது. கழற்றி வைத்தாலும் அது மெதுவாக இறங்கிக்கொண்டேதான் இருக்கும், அதனால் மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்த்து 12.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றுங்கள். மெயின்டெய்னர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் தானாக நிற்காத பழைய சார்ஜரை மாதக்கணக்கில் விட்டால் தண்ணீர் வற்றிப் பேட்டரியே போய்விடும்.

கரண்ட் இல்லாத ஷெட், அல்லது பைக் என்றால் கழற்றி வையுங்கள். கரண்ட் இருக்கிறது, காரும் புதுசு என்றால் யோசிக்காமல் மெயின்டெய்னர். லித்தியம் பேட்டரியா? மெயின்டெய்னரில் அதற்கென்றே உள்ள மோட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.