சுங்கை சிப்புட் கண்ணாடிக் கடையில் விழித்திரைப் படம்: படம் சரி, அறிக்கைதான் சரியில்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுன் கண்ணாடிக் கடை ஒன்றில் விழித்திரைப் படம் எடுக்கிறார்கள். கருவி நல்ல கருவி. சொட்டு மருந்து விட வேண்டியதில்லை, எடுத்த கையோடு மோட்டாரில் தோட்டத்துக்குத் திரும்பலாம். படங்களை வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுகிறார்கள். ஒரே குறை: முதல் கண்ணுக்கு அடித்த ஃபிளாஷில் இரண்டு கண்ணின் பாப்பாவும் சுருங்கிவிடும். சில நிமிடம் இருட்டில் உட்கார வைத்துத்தான் அடுத்த கண்ணை எடுக்க வேண்டும். கூட்ட நேரத்தில் அதைச் செய்வதில்லை. இரண்டாவது படத்தின் ஓரம் கறுத்திருந்தால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

சிக்கல் அறிக்கையில். ‘கண் களைப்பு, ஆறு மாதம் கழித்து வரவும்’ என்ற ஒரே வரிதான் எல்லாருக்கும். காய்ச்சலுக்குப் பிறகு ஒரு கண் மட்டும் மங்கியவருக்கு இந்த வரி ஆபத்து. பூனைக்குட்டி வளர்க்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தெள்ளுப்பூச்சிக் கழிவு ஒட்டிய நகம் கீறினால் பார்ட்டோனெல்லா ஹென்சலே கிருமி உள்ளே போகும். பெரும்பாலும் அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டி, தானே அடங்கும். சிலருக்குத்தான் கண் நரம்பைப் பிடிக்கும். முதலில் நரம்பு முனை வீங்கும். விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவைச் சுற்றி நட்சத்திரம் போலக் கொழுப்புப் படிய இன்னும் 1–2 வாரம் ஆகும். ஆகவே முதல் படத்தில் நட்சத்திரம் இல்லையே என்று விட்டுவிட முடியாது. நரம்பு முனையின் விளிம்பு கலங்கித் தெரிந்தாலே அன்றைக்கே ஈப்போ பெரியாஸ்பத்திரி கண் பிரிவுக்குப் போக வேண்டும். அதற்கு முன் பிரஷர் பாருங்கள். கடும் ரத்த அழுத்தமும் இதே நட்சத்திரத்தைக் காட்டும், வழக்கமாக இரண்டு கண்ணிலும்.

ரத்தப் பரிசோதனைப் படிவத்தில் ‘பூனைக் கீறல்’ என்று எழுதச் சொல்லுங்கள். வழக்கமான பரிசோதனைப் பட்டியலில் இது வராது. இந்தக் கிருமிக்கு எதிராக ரத்தத்தில் உண்டாகும் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம் 1:256 அல்லது அதற்கு மேல் என்றால் (பின் எண் பெரிதானால் அளவு அதிகம்) வலுவான சான்று. 1:64 பழைய தொற்றாகவும் இருக்கலாம். 2–3 வாரம் கழித்து மறுபடி எடுத்து, நாலு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிருமியை வளர்த்துப் பார்ப்பதை நம்ப வேண்டாம்: வாரக்கணக்கில் இழுக்கும், பல நேரம் வளரவே வளராது. நெறியில் சதை எடுத்தால் முழுவதையும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிடக் கூடாது. ஒரு துண்டைத் தனியே வைத்தால் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை நன்றாக வரும், காசநோய்க் கிருமியையும் வளர்த்துப் பார்க்கலாம்.

பத்து நாள் கழித்து அதே கண்ணை மறுபடி எடுக்கக் கடையில் காசு வாங்குவதில்லை. ஆனால் நாம்தான் கேட்க வேண்டும்.