சட்டைப் பையில் ஒரு டெபியன்: லினக்ஸ் போன்களில் எது போன், எது கம்ப்யூட்டர்?

லினக்ஸ் போன், அதாவது ஆண்ட்ராய்டுக்குப் பதில் டெபியன் போன்ற கணினி லினக்ஸ் இயங்குதளம் ஓடும் போன், வாங்கலாமா என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் சிம் ஜியோவா?

கேள்வி சம்பந்தமில்லாததுபோல் தெரியும். ஜியோவில் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. 2016-இல் தொடங்கியதிலிருந்தே பேச்சு முழுக்க வோல்டிஇ (4ஜியிலேயே பேசும் முறை) வழியாகத்தான். போனில் வோல்டிஇ வேலை செய்யவில்லை என்றால் (லினக்ஸ் போன்களின் பெரிய சிக்கலே இதுதான்) நெட் பறக்கும், அழைப்பு மட்டும் வராது. ஏர்டெல் 3ஜியை மூடினாலும் 2ஜியை வைத்திருக்கிறது. அதில் பேசிவிடலாம், பேசும்போது நெட் நின்றுவிடும். அமெரிக்காவிலும் இதே கதைதான். 2022-க்குள் பெரிய நிறுவனங்கள் 3ஜியை மூடியதும், அதுவரை ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்த பல போன்கள் ஒரே நாளில் ஊமையாகின.

ஆக, எது வேகம், எது அழகு என்பதெல்லாம் அப்புறம். முதலில் இந்தப் போன்களை இரண்டு வீடாகப் பிரித்துவிட வேண்டும். ஒரு வீட்டில் மெயின்லைன் கெர்னல் (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி): மேசைக் கணினியில் ஓடும் அதே லினக்ஸ், பாகங்களை இயக்கும் டிரைவர்களும் பெரும்பாலும் திறமூலம். இன்னொரு வீட்டில் ஹேலியம்: போன் கம்பெனி ஆண்ட்ராய்டுக்காகத் தந்த கெர்னலையும் டிரைவர்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் லினக்ஸை உட்கார வைப்பது. முதல் வீட்டுக்காரர்கள் நல்ல கம்ப்யூட்டர்கள், சுமாரான போன்கள். இரண்டாம் வீட்டுக்காரர்கள் நேர் எதிர். கீழே வரும் மிச்சமெல்லாம் இதிலிருந்து கிளைத்ததுதான்.

பைன்போன் முதல் வீட்டுப் பிள்ளை. பைன்64 நிறுவனம் 2020-இல் 149 டாலருக்கு விற்றது. ஆல்வின்னர் ஏ64 சிப், நான்கு கோர்டெக்ஸ் ஏ53 கோர்கள், 2 ஜிபி ராம். 199 டாலர் மாடலில் 3 ஜிபி ராமும், மானிட்டரோடு இணைக்க ஒரு யுஎஸ்பி-சி டாக்கும் கிடைத்தன. பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்தால் அரிசிமணி அளவில் ஆறு சுவிட்சுகள் வரிசையாக இருக்கும்: மோடம் (சிம் நெட்வொர்க்கோடு பேசும் பாகம்), வைஃபை, மைக், இரண்டு கேமரா, ஹெட்போன். பல்குத்தும் குச்சியால் தள்ளினால் மைக்குக்கு மின்சாரமே போகாது. மெமரி கார்டிலிருந்தும் பூட் ஆகும். காலையில் ஒரு கார்டில் போஷ், மாலையில் வேறு கார்டில் பிளாஸ்மா மொபைல் என்று (இரண்டும் திரைமுகங்கள்) ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்கு ஒரு கீறலும் விழாது. இந்தச் சுகம் மற்ற போன்களில் அரிது.

ஆனால் அழைப்பு வரும் விதத்தைக் கவனியுங்கள். மோடம் தனிச் சிப். பிரதானச் சிப்போடு உள்ளுக்குள் யுஎஸ்பி வழியாகத்தான் பேசுகிறது. அந்த மோடத்துக்குள்ளேயே தனியாக ஒரு லினக்ஸ் ஓடுகிறது என்பது கூடுதல் வேடிக்கை. பேட்டரி 3000 எம்ஏஎச். தூங்க விடாவிட்டால் சில மணி நேரத்தில் காலி. தூங்க விட்டால், அழைப்பு வந்ததும் மோடம் பிரதானச் சிப்பைத் தட்டி எழுப்ப வேண்டும். அது கண் விழித்து, மோடத்தோடு மறுபடி தொடர்பு பிடித்து, அதற்குப் பிறகுதான் மணி அடிக்க வேண்டும்.

இந்தத் தூக்கக் கோளாறு ஒரு மாடலுக்கு மட்டும் உரியதல்ல. எந்தப் போன் என்று சொல்லாமல் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாதம் லினக்ஸ் போனை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றினேன். மூன்றாவது நாளே அம்மாவின் புகார்: "ரிங் போகுது, நீ எடுக்கவே மாட்டேங்குறியேடா." என் பையில் சத்தமே இல்லை. அவர் வைத்த பிறகு திரை ஒளிர்ந்தது, தவறிய அழைப்பு ஒன்று என்றது. அந்த நான்கைந்து வினாடி தாமதத்தை அம்மாவுக்கு எப்படி விளக்க?

அதே மெயின்லைன் வீட்டின் மூத்த பிள்ளை லிப்ரம் 5. பியூரிசம் நிறுவனம் 2017-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டியபோது விலை 599 டாலர். பெருமளவில் வெளிவரத் தொடங்கியது 2020 இறுதியில்தான். விலையும் பின்னர் ஏறியது. இதிலும் கோர்டெக்ஸ் ஏ53 கோர்கள்தான், ராம் 3 ஜிபி. பேட்டரி 4500 எம்ஏஎச், எடை 260 கிராமை ஒட்டி. சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் சாயும். சுவிட்சுகள் மூன்றும் வெளியே பக்கவாட்டில் இருப்பதால் மூடியைக் கழற்றும் வேலை இல்லை. காசுக்கு வேகம் என்று பார்த்தால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் போனுக்காக எழுதப்பட்ட போஷ் திரைமுகமும், மேசைக் கணினிச் செயலிகளை ஒடுங்கிய திரைக்கு ஏற்ப மடங்கவைத்த லிப்ஹேண்டி நூலகமும்தான் மற்ற பல லினக்ஸ் போன்களுக்கும் வழி அமைத்தன. மரம் நட்டவர்கள் இவர்கள், பழம் பறித்தது ஊரே.

பழம் பறித்தவர்களில் முதலாவது, பழைய ஆண்ட்ராய்டு போனான ஒன்பிளஸ் 6-இல் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸ். 2018-இல் வந்த போன், ஸ்னாப்டிராகன் 845, 6 அல்லது 8 ஜிபி ராம். செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். மேலே சொன்ன இரண்டும் ஃபயர்ஃபாக்ஸில் நாலு டேப் திறந்ததும் மூச்சு வாங்கும். இதற்கு அது பொருட்டே இல்லை. முதல்முறை தமிழ்ப் பக்கம் திறந்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியலாம், பயப்பட வேண்டாம். நோட்டோ தமிழ் எழுத்துருப் பொதியை நிறுவினால் சரியாகிவிடும். அடித்தளம் ஆல்பைன் லினக்ஸ். அதில் செயலிகள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகமாக வழக்கமான ஜிலிப்சிக்குப் பதில் மசல். அதனால் டெபியனுக்கென்று தொகுத்துத் தரும் மூடிய மென்பொருள்கள் நேரடியாக ஓடாது, செயலியோடு நூலகங்களையும் சேர்த்துத் தரும் ஃப்ளாட்பேக் போன்ற வழியில்தான் போக வேண்டும்.

இதில் இரண்டு ஓட்டை. ஒன்று, வோல்டிஇ இல்லாமல் 2ஜி, 3ஜி வழியாகத்தான் நீண்ட காலம் பேச முடிந்தது. மற்றது வேலைக்காரர்களைத்தான் குத்தும்: இதன் யுஎஸ்பி-சி உள்ளே வெறும் யுஎஸ்பி 2.0. மானிட்டருக்குப் படம் போகாது. இந்த மூன்றில் வேகமான கம்ப்யூட்டருக்குத்தான் பெரிய திரை இல்லை. மெதுவான பைன்போனும் லிப்ரமும் டாக்கில் செருகியதும் மானிட்டரில் விரிகின்றன. டெர்மினல், கிட், எஸ்எஸ்ஹெச் போன்ற கட்டளைவரிக் கருவிகள், மின்னஞ்சல் அளவில் வேலை பார்ப்பவருக்கு அந்த மெதுவே போதும். லிப்ரஆபீஸில் நூறு பக்கக் கோப்பு என்றால் டீ குடித்துவிட்டு வரலாம்.

இரண்டாவது வீட்டில் உபுண்டு டச் என்ற போன் லினக்ஸ். அதைத் தொடங்கிய கனோனிக்கல் நிறுவனம் 2013-இல் உபுண்டு எட்ஜ் என்ற போனுக்கு 3.2 கோடி டாலர் கேட்டது, 1.28 கோடிக்கே உறுதி வந்தது, போன் வரவில்லை. 2017-இல் அவர்கள் கைகழுவிய உபுண்டு டச்சை யுபிபோர்ட்ஸ் ஆர்வலர்கள் தூக்கி வளர்த்தார்கள். ஹேலியம் என்பதால் ஃபேர்போன், வோல்லா போன்ற மாடல்களில், வோல்டிஇ மட்டும் மாடலைப் பொறுத்தது என்றாலும், மற்றபடி அழைப்பும் கேமராவும் பேட்டரியும் மனிதர்கள் எதிர்பார்க்கும் விதத்தில் இருக்கின்றன. ஆனால் சிஸ்டம் பகுதியில் எழுத முடியாது. டெபியன் பழக்கத்தில் எதையாவது நிறுவப் போனால் தனிக் கன்டெய்னருக்குள் (சிஸ்டத்திலிருந்து பிரித்து அடைத்த இடத்துக்குள்) போ என்கிறது. கெர்னலும் கம்பெனி தந்த பழையதுதான். பைக்குள் லினக்ஸ் இருக்கிறது, ஆனால் வாடகை வீட்டில்; சுவரில் ஆணி அடிக்க முடியாது.

எந்த வீடானாலும் யுபிஐ வாசலில் நின்றுவிடும். ஆண்ட்ராய்டுச் செயலிகளை ஓட்ட வேய்ட்ராய்ட் இருக்கிறது, ஆனால் சிம்மை அது உள்ளே காட்டுவதில்லை. பணச் செயலிகளோ அதே சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பித்தான் எண்ணைச் சரிபார்க்கின்றன. வாட்ஸ்ஆப்பை இன்னொரு போனோடு இணைத்து இணையப் பக்கத்தில் ஓட்டலாம். அந்த முதன்மைப் போனை 14 நாள் தொடாமல் விட்டால் வெளியேற்றிவிடும். ஆக இரண்டாவது போன் கட்டாயம்.

அதற்கு ஆண்ட்ராய்டே போதுமே என்பீர்கள். வேலைக் கணினி மட்டும்தான் தேவை என்றால், ஆமாம். சாம்சங் 2017-இலிருந்து, போனை மானிட்டரில் கணினிபோல் விரிக்கும் டெக்ஸ் தருகிறது. பிக்சல் போன்களில் 2025 மார்ச்சிலிருந்து டெபியன் ஒன்று மெய்நிகர் இயந்திரமாக உள்ளேயே ஓடுகிறது. வங்கிச் செயலியும் கோபித்துக்கொள்ளாது. மைக்குக்குச் சுவிட்சு இருக்காது, தயாரித்தவர் அப்டேட்டை நிறுத்தும் நாளை நீங்கள் தீர்மானிக்க முடியாது. இது உறுத்தாதவர்கள் மேலே எழுதியதை மறந்துவிடலாம்.

எனக்கு உறுத்துகிறது. பெரிய திரை வேண்டும் என்பதால் டாக்கோடு வந்த பைன்போனைத்தான் வைத்திருக்கிறேன், அதில் சிம் இல்லை. சிம் இருப்பது 4ஜி பட்டன் போன் ஒன்றில். வோல்டிஇ சரியாக வேலை செய்கிறது, அம்மா கூப்பிட்டால் முதல் மணியிலேயே அலறுகிறது. அதில் ஓடுவது கைஓஎஸ் என்ற இயங்குதளம். அதுவும் லினக்ஸ் கெர்னல்தான்.