ஒரே கேள்வி, நான்கு மறைக்கல்வி நூல்கள்

புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது என் தொழில். எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் முன்னுரையைப் பிறகுதான் படிப்பேன். எந்த வருடத்துப் பதிப்பு, அடிக்குறிப்பு ஒழுங்காக இருக்கிறதா, பின்னால் சொல்லடைவு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். கத்தோலிக்கத் திருச்சபை எதை நம்புகிறது என்று கற்றுத்தரும் மறைக்கல்வி நூல்களையும் அப்படியே பார்த்தேன். அந்தப் புத்தி இந்த விஷயத்தில் நிறையவே உதவியது.

நான் கத்தோலிக்கன் இல்லை. என் மனைவி பிறப்பிலிருந்தே கத்தோலிக்கர். இருபது வருடமாக ஞாயிறு திருப்பலிக்கு அவளோடு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். எப்போது எழ வேண்டும், எப்போது முழந்தாளிட வேண்டும் என்பதெல்லாம் பழகிவிட்டது. ஏன் என்பதுதான் தெரியாது. படித்துத்தான் பார்ப்போமே என்று இறங்கியபோது, மறைக்கல்வி என்பது ஒரே புத்தகம் அல்ல, ஒரு பெரிய குடும்பம் என்று தெரிந்தது. தாத்தா, அப்பா, பேரன் என்று எல்லோரும் ஒரே அலமாரியில் இருக்கிறார்கள். யாரிடம் பேசுவது?

நான்கு நூல்களை எடுத்துக்கொண்டு, நான்கிடமும் ஒரே கேள்வி கேட்டேன். திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெறாமல் இறந்துபோகும் குழந்தைக்கு என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை நான் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. எங்கள் முதல் குழந்தை இரண்டு நாள்தான் இருந்தாள். அந்த இரண்டு நாளில் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அப்புறம் வீட்டுக்கு வந்த ஒரு வயதான உறவினர், குழந்தை மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது, லிம்போவில் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறுதலாகத்தான் சொன்னார். என் மனைவி அதற்குப் பதில் எதுவும் பேசவில்லை. பதினெட்டு வருடமாகப் பேசவில்லை.

முதலில் எடுத்தது பால்டிமோர் மறைக்கல்வி. அமெரிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) 1884இல் பால்டிமோரில் கூடிய சங்கத்தின் முடிவுப்படி 1885இல் வந்தது. பல தலைமுறைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தது. கேள்வி, பதில், கேள்வி, பதில் என்று அடுக்கியிருக்கும். உலகத்தைப் படைத்தது யார், கடவுள் என்பவர் யார் என்று ஆணி அடித்தது போல ஆரம்பிக்கிறது. பிழை திருத்துகிறவனுக்கு இப்படிப்பட்ட நடை பிடிக்கும். ஒரு சொல்லைக்கூட வெட்ட முடியாது. மனதில் தங்குவதற்கு இதைவிட நல்ல வடிவம் இல்லை என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் இதன் மூன்றாம் நூலில் என் கேள்விக்குக் கிடைத்த பதில், அந்த உறவினர் சொன்னதேதான். அப்படிப்பட்ட குழந்தைகள் விண்ணகத்தில் நுழைய முடியாது, லிம்போ போன்ற ஓர் இடத்துக்குப் போகிறார்கள் என்பது பொதுவான கருத்து, அங்கே வேதனை இல்லை, விண்ணக இன்பமும் இல்லை. அவர் எங்கிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்தார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ‘பொதுவான கருத்து’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கோட்பாடு என்று அந்தப் புத்தகமே சொல்லவில்லை. மனப்பாடம் செய்தவர்கள் அந்தச் சொல்லை உதிர்த்துவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கச்சிதமான பதிலில் இருக்கிற ஆபத்து இது.

இரண்டாவது, இன்று திருச்சபையின் அதிகாரபூர்வமான பெரிய நூல், கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி. 1985இல் கூடிய ஆயர் மாமன்றம் கேட்டதன்பேரில், கர்தினால் ராட்சிங்கர் தலைமையிலான குழு உருவாக்கியது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1992 அக்டோபர் 11 அன்று இதற்கு ஒப்புதல் தரும் ஆவணத்தில் கையெழுத்திட்டார். உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கி அன்றோடு சரியாக முப்பது வருடம். மொத்தம் 2,865 எண்ணிட்ட பத்திகள். நம்பிக்கை அறிக்கை, அருளடையாளங்கள் (திருமுழுக்கு போன்ற புனிதச் சடங்குகள்), பத்துக் கட்டளைகளை ஒட்டிய வாழ்வு, இறைவேண்டல் என்று நான்கு பகுதிகள். 1566இல் வந்த திரெந்துச் சங்க மறைக்கல்வியும் இதே நான்கு தூண்களின் மேல்தான் நின்றது.

தலையணை சைஸ். யாராவது இதை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். இது முதலில் ஆயர்களுக்காக எழுதப்பட்டது என்று 12ஆம் பத்தியே ஒப்புக்கொள்கிறது. நான் வீம்புக்கு ஒன்றிலிருந்து ஆரம்பித்து, இருநூறைத் தாண்டுவதற்குள் மூன்று முறை தூங்கிவிட்டேன்.

ஆனால் சொல்லடைவைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் வேறு அனுபவம். என் கேள்வி 1261ஆம் பத்தியில் இருந்தது. லிம்போ என்ற சொல்லே அங்கே இல்லை. அங்கே மட்டும் இல்லை என்பதல்ல, புத்தகம் முழுக்கவே இல்லை. அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைப்பதைத் தவிரத் திருச்சபையால் வேறொன்றும் செய்ய இயலாது, அடக்கச் சடங்கிலும் அதைத்தான் செய்கிறது என்கிறது. எல்லா மனிதரும் மீட்படைய வேண்டும் என்று கடவுள் விரும்புவதும், சிறு பிள்ளைகள் மேல் இயேசுவுக்கு இருந்த கனிவும், அவர்களுக்கும் மீட்புக்கு ஒரு வழி உண்டு என்று எதிர்நோக்க இடம் தருகின்றன என்கிறது. அடிக்குறிப்புகளைத் தேடிப் போனேன். ஒன்று மாற்கு நற்செய்தி, மற்றொன்று திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம். இரண்டும் சரியாகவே இருந்தன.

நான்கு பத்தி மேலே, 1257இல், இன்னொரு வாக்கியம். மீட்பைத் திருமுழுக்கோடு கடவுள் பிணைத்திருக்கிறார், ஆனால் அவர் தாம் ஏற்படுத்திய அருளடையாளங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல என்பது அதன் கருத்து. இருபது வருடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தும் என் காதில் விழாத விஷயம் இது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் பதிலில் உறுதி கிடையாது. ‘மோட்சத்துக்குப் போய்விட்டாள்’ என்று சொல்லவில்லை, ‘எதிர்நோக்கலாம்’ என்றுதான் சொல்கிறது. சிலருக்கு இது மழுப்பலாகத் தெரியலாம். தெரிந்ததை மட்டும் சொல்லி, தெரியாத இடத்தில் நிறுத்திக்கொண்ட எழுத்தாகத்தான் எனக்குத் தெரிந்தது. 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு இதே கேள்விக்கென்று தனியாக ஓர் ஆவணம் வெளியிட்டது. அதுவும் இதே எதிர்நோக்கில்தான் போய் நிற்கிறது.

சொல் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் ஓர் எச்சரிக்கை. தமிழில் பழைய நூலையும் புதிய நூலையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் தலை சுற்றும். பழைய நூலில் விசுவாசம், நம்பிக்கை என்று இருப்பவை, புதிய நூலில் நம்பிக்கை, எதிர்நோக்கு என்று வரும். அதாவது ‘நம்பிக்கை’ என்ற ஒரே சொல், புத்தகத்தின் வயதைப் பொறுத்து இரண்டு வெவ்வேறு புண்ணியங்களைக் குறிக்கும். ஞானஸ்நானம் திருமுழுக்கானது, தேவதிரவிய அனுமானம் அருளடையாளமானது எல்லாம் பரவாயில்லை, பார்த்தவுடன் தெரியும். இது ஒன்று மட்டும் சத்தமில்லாமல் காலை வாரிவிடும்.

மூன்றாவது, சுருக்கம். பெரிய நூலிலிருந்து வடித்து, 598 கேள்வி பதில்களாக 2005இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் (முன்பு கர்தினால் ராட்சிங்கராக இருந்தவர்தான்) வெளியிட்டது. நடுநடுவே பழைய ஓவியங்கள், பின்னிணைப்பில் முக்கியமான செபங்கள். கையில் பிடித்துப் படிக்கலாம். நன்றாகத்தான் இருக்கிறது. என் கேள்விக்கு 262ஆம் பதிலின் கடைசி வாக்கியம்: திருச்சபை தன் வழிபாட்டில் இக்குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. அவ்வளவுதான். பதில் சரி. ஆனால் மாற்குவும் இல்லை, அந்தக் கனிவும் இல்லை. வடிகட்டியில் எது தங்கிவிடும் என்பதற்கு இது ஒன்றே போதும். பெரிய நூலில் எங்கே தேடுவது என்று காட்டும் பத்தி எண்கள் ஓரத்திலேயே இருப்பதால், இதை வாசலாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

நான்காவது, யூகேட். இளைஞர்களுக்கான மறைக்கல்வி நூல். 2011இல் மாட்ரிட்டில் நடந்த உலக இளையோர் நாளையொட்டி வந்தது. 527 கேள்விகள், ஓரமெல்லாம் மேற்கோள்கள், படங்கள். கல்லூரியில் படிக்கும் என் பையனுக்குப் பிடித்துவிட்டது, எனக்குத்தான் கண் அலைபாய்ந்தது. எங்கள் தொழிலில் இந்தப் புத்தகம் வேறொரு காரணத்துக்காகப் பிரபலம். இதன் இத்தாலிய மொழிபெயர்ப்பில் 420ஆம் கேள்வியில் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய பகுதி தவறாகப் போய், திருச்சபை மறுக்கும் ஒன்றுக்கு ‘ஆம்’ என்று பதில் அச்சாகிவிட்டது. விற்பனையை நிறுத்தித் திருத்தினார்கள். அந்த மெய்ப்பைப் பார்த்தவரை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

பெரிய நூலைப் பழைய புத்தகமாக வாங்குகிறவர்கள் 2267ஆம் பத்தியைத் திறந்து பாருங்கள். மரண தண்டனை பற்றிய பத்தி. 1997இல் ஒருமுறை மாறியது. அப்புறம் 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதை முழுதாக மாற்றி, மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று எழுதவைத்தார். கையில் இருப்பது எந்தக் காலத்துப் பிரதி என்று அந்த ஒரு பத்தி காட்டிக்கொடுத்துவிடும். என்னிடம் வந்தது பழசு. விற்றவர் ‘லேட்டஸ்ட்’ என்று சத்தியம் செய்தார். வத்திக்கான் இணையதளத்தில் இருப்பதைப் பார்த்துப் புதிய வாசகத்தைப் பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். தொழில் புத்தி.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், நான் கடைசிப் பகுதியைத்தான் சொல்வேன். 2558இலிருந்து இறைவேண்டல். மற்ற பகுதிகளில் குழுவின் கை தெரிகிறது, இதில் ஒரு மனிதரின் குரல் கேட்கிறது. இதை எழுதிய ழான் கொர்போன் என்ற குரு அப்போது போர் நடந்துகொண்டிருந்த பெய்ரூட்டில் இருந்தார். குண்டு விழும் ஊரில் உட்கார்ந்து செபத்தைப் பற்றி எழுதியவர், நமக்குத் தூக்கம் வரும்படி எழுதவில்லை.

1261ஐ மனைவியிடம் எப்படிக் காட்டுவது என்று ஒரு வாரம் யோசித்தேன். கடைசியில் பக்கத்தைத் திறந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது புத்தகம் மேசையில் இல்லை. அவள் அலமாரியில் இருந்தது. ‘இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை?’ என்று மட்டும் கேட்டாள். மறைக்கல்வி வகுப்பில் அவள் இதைக் கேட்டபோது வகுப்பு எடுத்தவர், அதெல்லாம் கடவுளுக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாராம். யோசித்தால் 1261ஆம் பத்தி சொல்வதும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அது அடுத்த பாடத்துக்கு அவசரப்படவில்லை.

அச்சு, கட்டமைப்பு பற்றிச் சொல்ல ஒரே ஒரு குறை. தைத்த பைண்டிங் இல்லை, பசை ஒட்டியது. முதுகு ஒரே இடத்தில் மடங்கிவிட்டது. இப்போது எங்கே திறந்தாலும் 1261இல்தான் போய் விழுகிறது.