கௌட்ரெயின்: வேகம் சரி, தாமதமானால்?

டர்பனிலிருந்து விமானத்தில் ஜோஹன்னஸ்பர்க் வரும் நம்மவர்களுக்குக் கௌட்ரெயின் என்ற விரைவு ரயிலைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். 2010-இல் ஓடத் தொடங்கிய இந்த ரயில், மணிக்கு 160 கி.மீ. வரை போகும். ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்திலிருந்து ஜோஹன்னஸ்பர்க்கின் வணிகப் பகுதியான சாண்டனுக்குச் சுமார் 15 நிமிடம்தான். மாலை நெரிசலில் எந்த டாக்சியும் இதை எட்டாது. விமான நிலையத்திலிருந்து போகும் ரயில் கட்டணம்தான் கையைக் கடிக்கும்.

பிரிட்டோரியா அருகே இந்தியர்கள் அதிகம் வாழும் லாடியம் போகிறவர்கள் மார்ல்பரோ நிலையத்தில் பிரிட்டோரியா பக்கம் செல்லும் வண்டிக்கு மாறி, செஞ்சூரியனில் இறங்க வேண்டும். நேரம் நழுவுவது இந்த மாற்றத்தில்தான். முதல் வண்டி ஐந்து நிமிடம் பிந்தினால் அடுத்தது கிளம்பியிருக்கும். வார இறுதியில் வண்டிகளுக்கு இடையே இடைவெளியும் அதிகம்.

கேபிள் திருட்டு நடந்தால் தாமதம் நிமிடக் கணக்கில் நிற்காது. அப்போது நிலைய நுழைவாயிலில் பயணக் கார்டைத் தட்டிய நேரத்தைக் குறித்து, அறிவிப்புப் பலகையைப் படமெடுத்து, நிலைய ஊழியரிடம் புகார் எண் வாங்கிய பிறகே கட்டணத்தைத் திரும்பக் கேளுங்கள். நுழையும்போது தட்டிய அதே கார்டையே வெளியேறும்போதும் தட்டுங்கள். ஆளுக்கொரு கார்டு அவசியம். கட்டணம் திரும்பி வந்தாலும் தவறவிட்ட விமானத்துக்கு அது ஈடாகாது. அதனால் விமானம் பிடிக்கப் போகிறவர்கள் ஒரு வண்டி முன்னதாகவே ஏறிவிடுங்கள்.